இடது பக்கத் தேய்மானம்

திரையில் நின்ற பைக்குக்குப் பத்து வயதை ஏற்றியிருந்தான் முபஷிர். டேங்கில் முழங்கால் உரசும் இடம் மங்கியிருந்தது. மட்கார்டு மடிப்பில் சேறு காய்ந்து, அதனடியில் துரு பூத்திருந்தது. வீடியோ கேமில் ஆளில்லாத ஒரு தெருவில் சும்மா நிற்கப்போகிற வண்டி. சேலத்து ஸ்டூடியோ ஒன்றில் புதுப் பொருள்களைப் பழசாக்கித் தீட்டுவதுதான் அவன் வேலை.

டீம் லீடர் மதுமதி, திருச்செங்கோட்டுக்காரி, நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க முபஷிர், இடது சைடு பேனல்ல மட்டும் இதென்னங்க, சொறி புடிச்சாப்ல?"

"கால் பட்டுத் தேஞ்சது மேடம்."

"வலது பக்கம் காணோமே. ஒரு பக்கம் தீட்டி, அதையே திருப்பி மறுபக்கம் ஒட்டறதுதானுங்களே வழக்கம்? ரெண்டையும் தனித்தனியாத் தீட்டினா ஃபைல் அளவு பெருசாயிருமுங்க. அழிச்சுட்டு சாயங்காலத்துக்குள்ள குடுங்க."

"திருப்பி ஒட்டினா ரெண்டு பக்கமும் தேஞ்சிருக்கும். பின்னாடி ஒரு பக்கமா உக்கார்ற எந்தப் பொம்பளை வலது பக்கம் காலைப் போடறா? யாரும் பாக்காத அடிப்பக்கத்துப் படத்தைச் சுருக்கிட்டேன். அளவு ஏறலை. அழிக்க மாட்டேன்."

மதுமதி அவனைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "உங்க ஊட்ல அவங்க உக்காந்து வந்த வண்டிங்களா? சரி, உடுங்க. இருந்துட்டுப் போகட்டும்."

அவன் மனைவி மெஹ்ரீன் காய்ச்சலில் போய் ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் ஊரே அவனுக்கு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"அதுக்காக விடாதீங்க. சரியா இருந்தா விடுங்க. தப்புன்னா சொல்லுங்க, நானே அழிக்கிறேன்."

மதுமதியின் முகம் சுண்டியது. விருட்டென்று எழுந்து, கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் போனாள். கால் மணி நேரம் கழித்து விரலெல்லாம் கரியோடு திரும்பினாள்.

"அத்தனை வண்டியும் குனிஞ்சு பாத்துட்டேன். பெட்ரோல் திருட வந்தயாம்மான்னு வாட்ச்மேன் கேக்கறாரு. இடது பக்கந்தான் தேஞ்சிருக்குது, ஒத்துக்கறேன். ஆனா எல்லாத்துலயும் புட்ரெஸ்டை ஒட்டித்தான் தேய்வு. உங்களது நாலு விரக்கடை மேல ஏறிக் கெடக்குது. தப்புங்க. எறக்குங்க."

"இறக்க மாட்டேன்."

"இப்பத்தான அழிக்கறேன்னீங்க?"

"தப்பா இருந்தாத்தானே? புட்ரெஸ்டுக்குக் கால் எட்டாதவ உக்காந்தா அங்கதான் படும். கால் தொங்கும். பள்ளம் வர்றப்பல்லாம் குதிகால் போய் பேனல்ல இடிக்கும். நம்ம ரோட்டுல எத்தனை பள்ளம்னு உங்களுக்கே தெரியும்."

மதுமதி திரையில் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் மவுஸைப் பிடித்த பிடியை விடவில்லை.

"கேம் கம்பெனிக்காரன் ஏன் இவ்வளவு மேலன்னு கேட்டா என்னன்னு எழுதறதுங்க?"

"குட்டையா ஒருத்தி உக்காந்து போனான்னு எழுதுங்க."

அவள் சிரிக்கவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். அவன் சொன்னதை அப்படியே அடித்து, கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பினாள்.