தலைக்கட்டுக்கு நாலு நாள்

தமிழ்ச்செல்வியைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. பிழைக்கத் தெரியாதவள் என்று சொல்லியிருக்கிறேன். கிறுக்கு என்றும் சொல்லியிருக்கிறேன், அதுவும் அவள் காதுபட. அதையெல்லாம் வாபஸ் வாங்கத்தான் இதை எழுதுகிறேன்.

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டு மேலேயே என் ரத்தப் பரிசோதனை நிலையம். ரங்கநாயகி கிளினிக்கல் லேப். ரங்கநாயகி என் அம்மா. இதே பெயர்ப்பலகை சமயநல்லூரிலும் தொங்கும். அது என் தம்பி கார்த்திகேஷுடைய லேப். பாகம் பிரித்து ஒன்பது வருஷம் ஆகிறது. அம்மா பெயரை மட்டும் பிரிக்க முடியவில்லை.

2003-இல் தமிழ்ச்செல்வி என் லேப்பில் ரிப்போர்ட் டைப் அடிக்க வந்தாள். எழுமலைக்காரி. அப்பா மொக்கையனுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பெண்ணுக்கு ஒரே மாதிரி டைப் அடித்து அலுத்துப்போனது. ஆறே மாதத்தில் தானே ஒரு சாஃப்ட்வேர் எழுதிவிட்டாள். நோயாளி பெயர், டெஸ்ட், ரிசல்ட் மூன்றையும் கொடுத்தால் ரிப்போர்ட் அழகாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரிண்ட் ஆகி வரும். 'சொட்டு' என்று அதற்குப் பெயர் வைத்தாள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வேலையை விட்டுவிட்டு, அடுத்த தெருவில் ஒரு மாடி அறை பிடித்து, கேட்டவருக்கெல்லாம் 'சொட்டு' சிடியைக் கொடுக்க ஆரம்பித்தாள். காசு வாங்காமல், அதுவும் உள்ளே அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்ற சோர்ஸ் கோடையும் சேர்த்து. அல்வாவை விற்கிற கடைக்காரர் பக்குவத்தையும் எழுதி மடித்துக் கொடுப்பாரா? இவள் கொடுத்தாள். சிடி மேல் ஸ்கெட்ச் பேனாவில் 'திறந்து பாருங்க' என்று எழுதியிருப்பாள். நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. ரிப்போர்ட் வந்தால் போதும் எனக்கு.

2004 ஆகஸ்டில் ஒரு நாள் இரண்டு பாண்டியம்மாள் வந்தார்கள். ஒரே ஊர், ஒரே வயசு, ஒரே இனிஷியல். சர்க்கரை ரிப்போர்ட் மாறிப்போனது. நல்லவேளை, டாக்டர் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினார். நான் போனை எடுத்துத் தமிழ்ச்செல்வியைக் கிழி கிழியென்று கிழித்தேன். "உங்க பக்கம் ஊருக்குப் பத்துப் பாண்டியம்மா இருக்காளே, எந்த வகையறான்னு கேக்காம என்னத்துக்கும்மா இந்த சாஃப்ட்வேர்?" என்று கத்திவிட்டு வைத்தேன். மறுநாள் புது சிடி வந்தது. பெயருக்குக் கீழே 'வகையறா' என்று ஒரு கட்டம். பேர் ஒன்றாக இருந்தாலும், இன்ன குடும்பத்து வகையறா என்றால் ஆள் பிடிபட்டுவிடும். பெரிய பெரிய கம்பெனி சாஃப்ட்வேரில் எல்லாம் இப்படி ஒரு கட்டம் கிடையாது. அப்போதும் நான் ஒரு தேங்க்ஸ் சொல்லவில்லை.

சிக்குன்குனியா வந்த 2006-இல் 'சொட்டு' நாற்பது லேப்பில் ஓடியது. நாற்பது லேப்பும் அவளுக்குத்தான் போன் செய்தது. பிரிண்டர் எடுக்கவில்லை, புது டெஸ்ட் சேர்க்க வேண்டும், தேதி தப்பாக வருகிறது. ஒரு பைசா வாங்காமல் எல்லாம் செய்தாள். டியூஷன் எடுத்துச் சாப்பிட்டாள். ஒரு கம்பெனிக்காரர் வந்து 'சொட்டு'வை மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன், சோர்ஸ் கோடை மட்டும் பூட்டிவிட வேண்டும் என்றார். முடியாது என்று அனுப்பிவிட்டாள். அப்போதுதான் நான் கிறுக்கு என்று சொன்னது.

நவம்பரில் சிம்மக்கல்லில் லேப் உரிமையாளர்கள் கூட்டம். தமிழ்ச்செல்வி எல்லோர் கையிலும் ஒற்றைத் தாள் ஒன்றைக் கொடுத்தாள். 'சொட்டு'க்கு அவள் எழுதிய லைசென்ஸ். சோர்ஸ் கோடு என்றைக்கும் எல்லோருக்கும் திறந்திருக்கும். படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். அரசு ஆஸ்பத்திரிக்கும் படிக்கிறவர்களுக்கும் வேறு நிபந்தனை கிடையாது. இதை வைத்துச் சம்பாதிக்கிறவர்கள் மட்டும், தலைக்கட்டுக்கு வருஷம் நாலு நாள், 'சொட்டு' வேலைக்கு ஆள் தர வேண்டும். இல்லாவிட்டால் நாலு நாள் கூலி.

"தலைக்கட்டுன்னா? மண்டையில கட்டு போடணுமா? நாங்க ரத்தம் எடுக்கிறவங்கம்மா, கட்டு போடுறது பக்கத்து ஆஸ்பத்திரில" என்றேன். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"எங்க ஊர்ல குடும்பத்தத் தலைக்கட்டும்பாக அண்ணே. ஒரு அடுப்புன்னா ஒரு தலைக்கட்டு. கண்மாயில யாரு வேணாலும் குடிக்கலாம், மாடும் குடிக்கலாம். வயலுக்குப் பாய்ச்சுறவுக மட்டும் வருசா வருசம் தூர்வார தலைக்கட்டுக்கு ஒரு ஆளு வரணும், இல்ல கூலி கொடுக்கணும். கண்மாய யாரும் பூட்டுறதும் இல்ல, அது தூர்ந்து போறதும் இல்ல. அம்புட்டுதான்."

பிறகு அதே குரலில் இதையும் சொன்னாள். பெங்களூரில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, ஜனவரி முதல் தேதி சேர வேண்டும். முப்பது தலைக்கட்டு கையெழுத்துப் போட்டால் இங்கேயே இருந்து முழுநேரமும் 'சொட்டு' வேலை பார்ப்பாள். போடாவிட்டால் போய்விடுவாள். மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. அந்த வயதில் எனக்கு அப்படிப் பேசத் தெரியாது. இந்த வயதிலும் தெரியாது.

முப்பத்தைந்து பேர் சரி என்றார்கள். அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. எழுந்து நின்று, "ஒரு அடுப்பு ஒரு தலைக்கட்டுதானே? விளாங்குடி, சமயநல்லூர் ரெண்டும் ஒரே ரங்கநாயகி. எங்களுக்கு ஒரு தலைக்கட்டு" என்றேன். தம்பி அன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை, அது வசதியாகப் போயிற்று. நான் சொன்னதுதான் தாமதம், திருமங்கலத்துக்காரர் மச்சான் லேப்பையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். உசிலம்பட்டி அண்ணன் தம்பி நாலு பேர் ஒன்றானார்கள். ஊரில் இத்தனை கூட்டுக்குடும்பம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. முப்பத்தைந்து பத்தொன்பதாகிவிட்டது. தமிழ்ச்செல்வி தாளில் பத்தொன்பது என்று எழுதிக்கொண்டாள்.

டிசம்பர் முதல் வாரம், காலையில் லேப்பில் வெறும் வயிற்றோடு பத்துப் பேர் உட்கார்ந்திருந்த நேரம், அவள் படிவத்தோடு வந்தாள். நிரப்பிப் பார்த்தேன். கடைசிக்கு முந்தின வரியில் 'தலைக்கட்டின் தலை' என்று இருந்தது.

"இது என்னம்மா?"

"ஒரே தலைக்கட்டுன்னு சொன்னீகள்ல அண்ணே. ரெண்டு லேப்புக்கும் சேத்துப் பொறுப்பு யாருன்னு எழுதணும். மத்தவரு அதுக்குக் கீழ கையெழுத்துப் போடணும்."

நான் என் பெயரை எழுதினேன். மூத்தவன், வேறு யாரை எழுதுவது? கார்த்திகேஷுக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷத்தில் டிவிஎஸ் 50-இல் வந்து இறங்கினான். படிவத்தைப் படித்தான். அவன் காது சிவந்தது.

நாங்கள் வீட்டில் சௌராஷ்டிர பாஷை பேசுகிறவர்கள். சண்டையும் அதில்தான் தொடங்கும். முற்றினால் தமிழுக்கு வந்துவிடும். அன்றைக்கு மூன்றாவது வாக்கியத்திலேயே தமிழுக்கு வந்துவிட்டது.

"யாருக்கு யாரு தலை? அடுப்பப் பிரிச்சு ஒம்பது வருஷம் ஆச்சு. உன் வீட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சிருப்பேனா?" என்றான்.

"பேர் ஒன்னுதானேடா."

"பேர் அம்மாவுது. வேணும்னா தலைன்னு அம்மா பேரை எழுது. உனக்குக் கீழ நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வரிசையில் இருந்தவர்கள் பசியை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். தமிழ்ச்செல்வி ஓரமாக நின்று டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். கார்த்திகேஷ் அவள் பக்கம் திரும்பி, "எனக்குத் தனியா ஒரு ஃபாரம் கொடும்மா. நான் தனித் தலைக்கட்டு" என்றான்.

அவள் பைக்குள் கைவிட்டு இரண்டாவது படிவத்தை எடுத்தாள். அதில் சமயநல்லூர் என்று முன்பே டைப் அடித்திருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளேயே ஒரு ஆச்சரியமும் இருந்தது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், நான் சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டே என்னை ஜெயித்துவிட்டாள். என் படிவத்தை வாங்கி, தலை என்ற வரியை அடித்துவிட்டு நீட்டினாள். அப்போதுதான் கவனித்தேன், பொறுப்பு நாள் என்ற இடத்தில் நாலுக்குப் பதில் மூன்று என்று டைப் ஆகியிருந்தது. தம்பியுடையதை ஓரக்கண்ணால் பார்த்தேன், நாலு. டைப் அடிக்கும்போது தவறிவிட்டாள் போல என்று நினைத்து, ஒரு நாள் லாபம் என்று வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

திருமங்கலத்திலும் அந்த ஒரு வரிதான் வேலை செய்தது. மச்சானுக்குக் கீழே மச்சான் கையெழுத்துப் போடவில்லை. உசிலம்பட்டி அண்ணன் தம்பிகள் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது, நாலு படிவம் வந்தது. டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி முப்பத்து மூன்று தலைக்கட்டு. பெங்களூருக்கு வரவில்லை என்று அவள் கடிதம் போட்டாள்.

கூலி கொடுக்க மனசு வராமல் நானே ஆளாகப் போனேன். பொங்கல் கழிந்த மறுவாரம் அவள் மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்கார வைத்தாள். 'சொட்டு'வின் ஒவ்வொரு பகுதியும் லேப்காரருக்கு என்ன செய்கிறது என்று தமிழில் எழுத வேண்டும், அதுதான் எனக்கு வேலை.

"மொதல்ல கோடைத் திறந்து மேல இருந்து படிங்க அண்ணே. புரியாட்டி கேளுங்க. கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று இறங்கிப் போனாள்.

மூன்று வருஷமாக என் மேஜை டிராயரில் கிடந்ததை அன்றைக்குத்தான் திறந்தேன். மேலே சோர்ஸ் கோடு இல்லை, தமிழில் ஒரு நீளப் பட்டியல். இதுவரை 'சொட்டு'க்கு உழைத்தவர்கள் என்று தலைப்பு. முதல் பெயர் என்னுடையது.

'லட்சுமிநாராயணன் அண்ணன், விளாங்குடி. 2004 ஆகஸ்ட். வகையறாக் கட்டம் வேண்டும் என்று சொன்னவர். போனில் திட்டிக்கொண்டே சொன்னார், ஆனால் சரியாகச் சொன்னார். ஒரு நாள் வேலையாக வைத்துக்கொள்ளவும்.'

திரும்பத் திரும்பப் படித்தேன். கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. நாற்பது லேப்பிலும் இந்த சிடி இருக்கிறது. யார் திறந்திருந்தாலும் பார்த்திருப்பார்கள். நான்தான் திறக்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது எழுதத் தொடங்கியிருந்தேன். மூன்று நாளும் ஒழுங்காக எழுதினேன். நாலாம் நாள் காலையில் லேப்பைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி மாடிப்படி ஏறினேன்.

"உங்களுக்கு மூணு நாள்தானே அண்ணே?" என்றாள்.

"தலைக்கட்டுக்கு நாலு நாள்னு போட்டிருக்கே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.