வலக்கை நகங்கள்

கிளடிஸ் கணவன் அல்பேட்டின் வலக்கைப் பெருவிரல் நகத்தை வெட்டி முடித்துச் சுட்டுவிரலைப் பிடித்தபோது வாசல் மணி அடித்தது. அவள் எழும்பவில்லை. மற்ற விரல்களையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் கதவைத் திறக்கப் போனாள்.

ஜெனாட் நின்றாள். அல்பேட்டின் இசைக்குழுவில் இருபத்திரண்டு வருடமாகப் பாடுகிறவள். பிறம்ரனிலிருந்து அஜக்ஸுக்கு நெரிசலில் இரண்டு மணித்தியாலம் காரோடி வந்திருந்தாள். அதுவும் கிளடிஸுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் யூனியன்விலில் இருக்கும் அல்பேட்டின் சொந்தத் தம்பியே இன்னும் வந்து சேரவில்லை.

"அண்ணை எப்பிடி அக்கா?"

"இண்டைக்குத் தாண்டாது எண்டு நேர்ஸ் சொல்லிட்டா. உள்ளுக்கு வாரும்."

ஜெனாட் அவரை எப்போதும் அண்ணை என்றுதான் கூப்பிடுவாள். பிழை பிடிக்க ஒன்றுமே கிடையாது. அதுதான் கிளடிஸின் பெரிய கரைச்சல். ஏதாவது இருந்திருந்தால் ஒரு நாள் கத்திக் குழறித் தீர்த்திருக்கலாம்.

கனடாவுக்கு வந்த புதிதில் அல்பேட் குவீன் தெருவில் ஒரு பாரில் கோப்பை கழுவினார். சுவருக்கு அந்தப் பக்கம் புளூஸ் என்ற சோக இசை வாசித்தவர்களைக் கேட்டுக் கேட்டுக் கைவந்து, ஐந்து வருடத்தில் அதே பாரின் மேடையில் கிற்றாரோடு ஏறிவிட்டார். கிழமை நாளில் வெயார்ஹவுஸ் வேலை, வெள்ளி சனி புளூஸ். மூன்று பாட்டு அல்பம் வந்தது, மொன்றியலில் ஒரு விருதும் கிடைத்தது. தமிழர்கள் ஒரேயொரு கலியாணத்துக்குக் கூப்பிட்டு, "சந்தோசமா ஒண்டும் வராதோ?" என்று கேட்டு அனுப்பிவைத்தார்கள்.

நகங்களால்தான் வாசிப்பார். உடைந்துவிடும் என்று கோப்பை கழுவமாட்டார், மீன் வெட்டமாட்டார், ஸ்னோ அள்ளமாட்டார். முப்பத்தொரு வருடமாக எல்லாவற்றுக்கும் கிளடிஸின் கைதான்.

இரண்டு நாளாக அவருக்கு நினைவில்லை. "இஞ்சாருங்கோ, நான் கிளடிஸ்" என்று காதுக்குள் கெஞ்சினாலும் இமை அசையவில்லை. வலக்கை மட்டும் போர்வையின்மேல் வாசித்துக்கொண்டே இருந்தது. நகம் துணியில் சரக், சரக் என்று உரசியது. பெண்டாட்டி பேர் மறந்த உடம்புக்குப் பாட்டு மட்டும் ஞாபகமிருக்கிறது. இன்று மத்தியானம் அவளுக்குப் பொறுக்கவில்லை. நகவெட்டியை எடுத்துவிட்டாள்.

ஜெனாட் கட்டிலருகே கதிரையில் இருந்து அந்தக் கையைத் தூக்கினாள். விரல் நுனிகளைப் பார்த்தாள்.

"வெட்டிட்டியளோ அக்கா?"

"பிராண்டுறார். போர்வை நூலெல்லாம் இழுபடுது."

ஜெனாட் கையைப் பழையபடி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மறுபடி அசைந்தன. இப்போது சத்தமில்லை. ஜெனாட் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்ல முனகத் தொடங்கினாள். விரல் மாறியபோது அவளுடைய இராகமும் மாறியது. சத்தமே போடாத கையிலிருந்து இவளுக்குப் பாட்டுக் கேட்கிறது!

"கோப்பி போட்டுக்கொண்டு வாறன்" என்று கிளடிஸ் அடுப்படிக்குப் போய்விட்டாள். தண்ணீர் கொதிக்கும்வரை அங்கேயே நின்றாள். கோப்பையோடு திரும்பி வந்தபோது முனகல் நின்றிருந்தது, கையும் நின்றிருந்தது. ஜெனாட் அழுதுகொண்டு எழுந்து அவளுக்குக் கதிரையை விட்டாள்.

அந்த ஐந்து நிமிடத்தை கிளடிஸ் தனக்கு மன்னிக்கவில்லை. ஜெனாட்டுக்கும்தான்.

மூன்றாம் நாள் மலர்ச்சாலையில் உடலைப் பார்வைக்கு வைத்தார்கள். ஆட்களை விடுவதற்கு முன்பே ஜெனாட் வந்து, கைப்பையிலிருந்து ஒரு பிங்பொங் பந்தையும் கத்தரிக்கோலையும் சூப்பர் குளூவையும் எடுத்தாள்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. நகமில்லாத கையோட ஆக்கள் அண்ணையைப் பாக்கக்கூடாது. மேடைக்கு ஏற முன்னம் உடைஞ்சா, உந்தப் பந்தை வெட்டி நான்தான் ஒட்டிவிடுறனான்."

இத்தனை வருடம் அந்தக் கையை இவள் மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கிளடிஸ் கையை நீட்டினாள்.

"தாரும். நான் ஒட்டுறன்."

"பழக்கமில்லாட்டிக் கஷ்டம்."

"சொல்லித் தாருமன்."

ஜெனாட் பந்தை நகமாக வெட்டிக் கொடுத்தாள். கிளடிஸ் குளிர்ந்த பெருவிரலைப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"போர்வை ஒண்டும் இழுபடேல்லை, ஜெனாட். எரிச்சலிலதான் வெட்டினனான்."

"தெரியும் அக்கா. குளூவைக் கொஞ்சமா விடுங்கோ."

கொஞ்சமாக விடத் தெரியவில்லை, வழிந்துவிட்டது. அழுத்திய விரலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. அவளுடைய வலக்கைச் சுட்டுவிரல் அவர் பெருவிரலோடு ஒட்டிப்போயிருந்தது.

"ஐயோ, இழுக்காதேங்கோ! சுடுதண்ணி கொண்டு வாறன், கழண்டிடும்."

"அவசரமில்லை, ஆறுதலா வாரும்."

மலர்ச்சாலைக்காரர் எட்டிப் பார்த்து, வரிசை வாசல்வரை வந்துவிட்டது, திறக்கலாமா என்று கேட்டார். கிளடிஸ் தலையாட்டினாள்.

முதலில் வந்த வெள்ளைக்காரக் கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கை நீட்டினார். கிளடிஸ் இடக்கையைக் கொடுத்தாள்.