டீச்சரின் கால் இருந்த கோப்பு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கொழுந்தன் அன்று காலை என் அறை வாசலுக்கு வந்து, டீச்சரின் ஃபைல் திறக்க மாட்டேன் என்கிறது என்று சொன்னபோது ஓர் எட்டு தள்ளியே நின்றான்.

எங்களுடையது செயற்கைக் கால் செய்யும் பட்டறை. முன்னறையில் மாமனார் காலின் அளவைக் கணினியில் பதிவு செய்வார். அது நேராக என் அறையில் இருக்கும் லினக்ஸ் சர்வருக்கு வந்துவிடும். கடைசல் இயந்திரத்தோடு இருக்கும் விண்டோஸ் கணினி அங்கிருந்து அதை எடுத்துக் கொடுக்க, இயந்திரம் கால் வார்க்கும் அச்சைக் கடையும். இயந்திரத்துக்குக் கொழுந்தன்தான் ராஜா. சர்வர் என்னுடையது, நானே தூக்கி நிறுத்தியது. மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை.

டீச்சர் புதுக் காலுக்கு அளவு கொடுத்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். பழைய கால் பிளந்து இரண்டு மாதமாகிறது. மறுநாள் பள்ளி திறக்கிறது, ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். கடைந்து, வார்த்து, பொருத்திப் பார்க்க எப்படியும் ஆறு மணி நேரமாகும். அப்போதே மணி பத்து.

கொழுந்தன் அதற்குள் இயந்திரக் கம்பெனியின் சர்வீஸ்காரருக்குப் போன் போட்டிருந்தான். அந்த லினக்ஸைத் தூக்கிக் கடாசினால் தலைவலி தீரும் என்று அவர் உபதேசம் செய்துகொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. தலைவலி உங்களுக்கா எங்களுக்கா என்று கேட்டுவிட்டுப் போனை நானே வைத்தேன்.

பென் டிரைவில் எடுத்துப் போகலாமே என்பீர்கள். எங்கள் பட்டறையில் அது நடக்காது. முன்பு ஒருமுறை அப்படி ஒருவரின் பழைய அளவு இயந்திரத்துக்குப் போய்விட்டது. அந்த மனிதர் தொளதொளத்த காலோடு நடந்து வாசற்படியில் விழுந்தார். அன்றோடு மாமா தடை போட்டுவிட்டார். நியாயமான தடைதான்.

கடைசல் அறைக்குப் போனேன். ஃபோல்டர் தெரிந்தது, உள்ளே டீச்சரின் கோப்பும் தெரிந்தது. தொட்டால் மட்டும் அனுமதி இல்லை என்றது. முன்னறைக் கணினியிலோ அதே கோப்பு சமர்த்தாகத் திறந்தது. அப்படியென்றால் வயரிலும் பழுதில்லை, சர்வரிலும் பழுதில்லை. யாரைத் தடுக்கிறது என்பதுதான் கேள்வி. சர்வரின் பதிவுகளைப் புரட்டினேன். கடைசல் அறையிலிருந்து வந்து கதவைத் தட்டியது கொழுந்தனின் பெயர்.

பட்டறையில் எல்லாக் கணினியும் மாமா பெயரில்தான் சர்வருக்குள் போகும். வாசல் பலகையிலும் அவர் பெயர்தான். போன மாதம் கொழுந்தன் நச்சரித்ததால் சர்வரில் அவனுக்கென்று ஒரு பெயர் போட்டுக்கொடுத்து, நானே மறந்தும் போயிருந்தேன். நேற்று கடைசல் அறைக்குப் புதுக் கணினி வந்ததும் அந்தப் பெயரைப் போட்டு உள்ளே போயிருக்கிறான். ஏன் என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்தான்.

"பன்னெண்டு வருஷமா கடையறேன் அண்ணி. ஒரு இடத்துலயாவது என் பேரு இருக்கட்டுமேன்னு பாத்தேன். விடுங்க, அப்பா பேரையே போட்டுடறேன்."

போட்டால் ஒரு நிமிட வேலை. ஆனால் தப்பு அவனுடையது இல்லை. எல்லோரும் ஒரே பெயர்தானே என்ற மிதப்பில், உருவாக்கியவரைத் தவிர வேறு யாரும் கோப்பைத் திறக்கக் கூடாது என்று சர்வரை அமைத்த அன்றைக்கு எழுதிவைத்த மகராசி நான்தான். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"உன் பேரே இருக்கட்டும்," என்றேன். "பத்து நிமிஷம் குடு."

சர்வரில் பட்டறைக்கென்று ஒரு குழு அமைத்து மாமா, கொழுந்தன் இருவரையும் அதில் சேர்த்தேன். பழைய கோப்புகளைக் குழுவுக்குத் திறந்துவிட்டேன். இனி வருபவையும் அப்படியே வரும்படி மாற்றினேன். ஓடிப்போய்த் தொட்டால் மறுபடியும் அனுமதி இல்லை. கொழுந்தன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். கொஞ்சம் யோசித்த பிறகுதான் உறைத்தது. விண்டோஸ் காலையில் போட்ட பழைய இணைப்பையே விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைத் துண்டித்துவிட்டு, அவன் பெயரில் புதிதாக உள்ளே போகச் சொன்னேன். டீச்சரின் கால் திரையில் வந்தது. அடுத்த நிமிடம் இயந்திரம் இரைய ஆரம்பித்தது. அதைக் கேட்க எனக்கு அப்படியொரு பெருமை.

நாலரைக்கு டீச்சர் நடை பழகும் கம்பியைப் பிடித்து எழுந்தார். பிறகு கையை விட்டு ஆறு அடி நடந்தார். கொஞ்சமும் வலிக்கவில்லை என்றார். யார் செய்தது என்று கேட்டார். எங்கள் பட்டறை என்பதுதான் மாமாவின் வழக்கமான பதில்.

"அளவு நான் எடுத்தேன்," என்றார் மாமா அன்று. "கடைஞ்சது என் சின்ன மகன். அவன் கைக்கு அதைக் கொண்டுவந்து சேத்தது என் மருமக. அவ இல்லேன்னா நீங்க இன்னிக்கு பஸ் ஏறியிருக்க முடியாது."

கொழுந்தன் அசடு வழியச் சிரித்தான். நான் மட்டும் என்ன, அதே லட்சணம்தான்.

டீச்சர் போனதும் மாமா என் அறைக்கு வந்தார். சர்வர் வந்த நாளிலிருந்து அவர் அங்கே கால் வைத்ததில்லை. கொழுந்தன் சொல்லியிருப்பான்போல, அந்தக் குழுவைக் காட்டச் சொன்னார். திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"உன் பேரு எங்கம்மா?"

சர்வரைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு எல்லாக் கதவும் திறக்கும், தனியாகப் பெயர் தேவையில்லை என்று விளக்கினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போடு. பாத்துட்டுத்தான் போவேன்."

கீபோர்டை இழுத்தேன். முதல் தடவை என் பெயரையே தப்பாக அடித்துவிட்டேன். அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.