பாரம் கேட்ட படகு

எடைமேடைக்காரரின் மச்சான் ஐம்பது டன்னுக்கு மேல் கனத்தார். எவ்வளவு மேல் என்று சொல்ல வழியில்லை. லாரிகளை நிறுக்கும் அந்த மேடையின் முள் ஐம்பதோடு நின்றுவிடும். ஆள் என்னவோ நோஞ்சான்தான், சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணலாம். மனைவி போய்ச் சேர்ந்து, வேலை பார்த்த நூற்பாலையையும் இழுத்து மூடிய வருடம், ஒரு தகரப் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே, "அக்கா, நான் உங்களுக்குப் பாரமா இருக்கமாட்டேன்" என்றார். சொந்தக்காரர் வீட்டில் தங்க வருகிற யாரும் சொல்கிற வார்த்தைதான், அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. "சீ, எனக்கென்னடா பாரம்? உள்ள வா" என்றாள் அக்கா. அதுவும் எல்லோரும் சொல்கிற பதில்தான். அவர் உள்ளே கால் வைத்தார். வாசற்படிக் கல் இரண்டாகப் பிளந்தது. கல் மட்டமான கல் என்று எல்லோரும் கொத்தனாரைத் திட்டினார்கள்.

அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு கல்லோடு போயிருக்கும். மனுஷன் நிறுத்தவில்லை. தட்டில் பாதி சாப்பிட்டதும் கையை உதறிக்கொண்டு எழுந்து அதையே சொல்வார். குளிக்க வெந்நீர் வைத்துக்கொடுத்தால் சொல்வார். காய்ச்சலில் கிடந்தபோது மாத்திரை கொடுத்த அக்காவிடம் வாய் குழறிக்கொண்டு அதையேதான் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடினார். அக்காவும் ஒவ்வொரு தடவையும் அலுக்காமல் "எனக்கென்னடா பாரம்" என்றாள். கயிற்றுக் கட்டில் போனது, பிறகு இரும்புக் கட்டிலும் நடுவில் குழிந்து தொட்டிலானது. வெயில் காலத்தில் அவர் நடந்த தார்ச்சாலையில் செருப்புத் தடம் அச்சாக விழுந்தது. பேருந்தில் ஏறினார் ஒருநாள், பின்சக்கரங்கள் எல்லாம் ஒன்றாக வெடித்தன. விஷயம் வெளியே வந்தது எடைமேடையில்தான். காலி லாரியை நிறுத்திய ஓட்டுநர் ரசீதைப் பார்த்துவிட்டு, "யோவ், நான் என்ன மலையையா ஏத்திட்டு வந்திருக்கேன்?" என்று சண்டைக்கு வந்தார். மேடையின் ஓரத்தில், அத்தானுக்குத் தேநீர் கொண்டுவந்த மச்சான் நின்றுகொண்டிருந்தார். "மச்சான், கொஞ்சம் கீழ இறங்குங்க" என்றார் எடைமேடைக்காரர். இறங்கினார், முள்ளும் இறங்கியது. அன்றிலிருந்து ஊருக்கே அவர் மச்சான் ஆகிவிட்டார். மருத்துவர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுச் செரிமானத்துக்கு மருந்து எழுதினார். நகராட்சி தன் பங்குக்கு, கால்வாய்ப் பாலத்தின் இரு முனையிலும் "கனரக வாகனங்களும் மச்சானும் செல்லத் தடை" என்று பலகை வைத்தது.

அந்தப் பாலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அந்த ஊரின் உப்பும் நிலக்கரியும் துணிமூட்டையும் கால்வாய் வழியேதான் போய்வந்தன. நெடுஞ்சாலை வந்ததும் லாரி வந்தது, சரக்குப் படகுகள் ஒவ்வொன்றாக நின்றன, கால்வாய் காய்ந்து பையன்கள் பந்தடிக்கும் இடமானது. குறுக்கே பாலம் கட்டும்போது எவ்வளவு உயரம் வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில், "படகு இனிமே எங்க வரப்போகுது?" என்றார்கள். பாலம் தாழ்வாக, சிக்கனமாக எழுந்தது. அப்படிச் சொன்னவர்களில் எடைமேடைக்காரரும் ஒருவர்.

பிறகு படகுகள் திரும்பி வரப்போவதாகச் செய்தி வந்தது. டீசல் விலை, சாலை நெரிசல் என்று என்னென்னவோ காரணம் சொன்னார்கள். கால்வாயைத் தூர் வாரினார்கள், கரையைக் கட்டினார்கள், கடற்பக்கத்து மதகைப் பழுது பார்த்தார்கள். பாலத்தையும் அளந்தார்கள், சரக்கோடு வரும் படகு தண்ணீரில் ஆழ அமிழ்ந்திருக்கும், தாராளமாக நுழையும் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அதே மாதத்தில்தான் நகராட்சிப் பொறியாளர் எடைமேடைக்காரரின் வீட்டைப் பார்க்க வந்தார். கூடத்துத் தரை கிண்ணம் போலக் குழிந்திருந்தது. மச்சான் படுக்கும் அறையின் சுவர் விரிசலில் கையை விடலாம். "அடுத்த மழையைத் தாங்காதுங்க. வீடா, ஆளா, நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்றார் பொறியாளர். போகிற போக்கில் சமையலறையை எட்டிப் பார்த்து, "இங்கயும் விரிசல் இருக்கே, இங்க அவர் வருவாரா?" என்று கேட்டார். "இந்தப் பக்கமே வரமாட்டான்" என்றாள் அக்கா. பொறியாளர் தலையைச் சொறிந்தார், யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஊருக்கு வெளியே கல்குவாரியில் பாறைமேல் ஒரு காவலறை காலியாகக் கிடந்தது. மச்சான் தகரப் பெட்டியைத் துடைத்து வைத்தார். "படகு வர்றதைப் பாத்துட்டுப் போயிடறேன்கா. உங்களுக்குப் பாரமா இருக்கமாட்டேன்" என்றார். அக்கா முதல்முறையாகப் பதில் சொல்லவில்லை. அன்று அந்த வீட்டில் பாத்திரங்கள் விழுந்த சத்தம் தெருமுனை வரை கேட்டது.

தண்ணீர் முதலில் வந்தது. காலையில் பார்த்தால் கரையோர வீடுகளின் கூரைக்கு உட்புறம் முழுக்க வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. கால்வாய் நீரில் பட்ட வெயில் சன்னல் வழியே ஏறி வந்திருந்தது. தையற்கடைக்காரர் ஊசியைக் கையில் பிடித்தபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் படகு வந்தது. சத்தமே இல்லை. ஒரு தெரு நகர்ந்து வருவது போல வந்தது. சிமெண்டும் இரும்புக் கம்பியும் ஏற்றிய கறுத்த இரும்பு உடம்பு, தண்ணீருக்கு மேல் ஒரு முழம்கூடத் தெரியவில்லை, அதன் பின்கோடியில் வெள்ளைச் சுக்கான் அறை. அது பாலத்தின் அடியில் நுழைந்து மறுபக்கம் வெளிப்பட்டபோது ஊர் மூச்சை விட்டது. அதன் பின்னால் அலை வந்து, முப்பது வருடமாகக் காய்ந்திருந்த கல்படிகளை ஒவ்வொன்றாக நனைத்தது. லாரிக்காரர்கள்கூட வாயில் வைத்த பீடியைப் பற்றவைக்க மறந்தார்கள். "அடேங்கப்பா" என்றார் எடைமேடைக்காரர்.

சிக்கல் அடுத்த நாள் முளைத்தது. சரக்கை இறக்க இறக்கப் படகு எழும்பியது. வியாபாரிகள் எல்லாரும் விவரமானவர்கள். முதல் படகு வந்து போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒருவரும் திரும்பு சரக்குக் கொடுக்கவில்லை. வெறும் வயிற்றோடு பாலத்தை நெருங்கிய படகின் சுக்கான் அறை, பாலத்தின் விளிம்பைவிட ஒரு சாண் உயரத்தில் நின்றது. சரக்கோடு வருவதை அளந்தவர்கள், காலியாகப் போவதை அளக்க மறந்திருந்தார்கள். பின்னால் வேறு படகுகள் வந்து வரிசை கட்டின. இந்தப் படகு போகாவிட்டால் இனி எல்லாப் படகையும் பக்கத்துக் கிளைக் கால்வாயில் திருப்பிவிடுவதாகக் கம்பெனி அதிகாரி கைப்பேசியில் சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தார். தண்ணீரை உள்ளே நிரப்பலாமே என்றார் தபால்காரர். சிமெண்ட் தூளில் தண்ணீர் விட்டால் படகு இங்கேயே கல்லறையாகிவிடும் என்றார்கள். மணல் கொண்டுவரச் சொன்னபோது லாரிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். சுக்கான் பிடித்து வந்தவள் ஒரு பெண், தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அவள் படகின் முனைக்கு வந்து நின்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்: "பாரம் இல்லாம இந்தப் படகு போகாதுங்க. இந்த ஊர்ல எங்கயாவது பாரம் கிடைக்குமா?"

கூட்டத்தில் எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

மச்சான் கல்குவாரிக்குப் போகிற வழியில், தகரப் பெட்டியோடு கரையோரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். தன்னை யாராவது அப்படித் தேடுவார்கள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. முகம் சிவந்துவிட்டது. "என்னையா?" என்றார். "உங்களைத்தாங்க. வாங்க, வந்து நடுவுல உக்காருங்க" என்றாள் சுக்கான்காரி, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போல. பலகை போட்டால் முறிந்துவிடும் என்பதால் கல்படியிலிருந்தே நேராகக் கால் வைத்தார். படகு பெருமூச்சு விட்டு அமிழ்ந்தது. தண்ணீர் மேலேறி வேடிக்கை பார்த்தவர்களின் செருப்பை நனைத்தது. அவர் நடுவில் பெட்டியின்மேல் உட்கார்ந்ததும் இன்னும் இறங்கியது. சுக்கான்காரி அளந்தாள். நாலு விரற்கடை போதவில்லை. தபால்காரர் ஏறினார், தையற்காரர் ஏறினார், பள்ளிக்கூடமே ஏறியது. ஊரே ஏறியும் படகுக்கு அரை விரல் உறைக்கவில்லை. எல்லோரும் அசடு வழிய இறங்கினார்கள். "கொஞ்சம்தான். இன்னும் கொஞ்சம்தான் வேணும்" என்றாள் சுக்கான்காரி. மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. பாரமாக இருக்கக்கூட முழுசாக லாயக்கில்லையே என்று தோன்றியிருக்க வேண்டும்.

அப்போது அக்கா வந்தாள். தம்பி சாப்பிடாமல் கிளம்பிவிட்டான் என்று அடுக்குப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு குவாரி வரை போய்த் தேடிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து, எரிச்சலோடு வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கல்படி இறங்கினாள்.

"ஏண்டா, சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"இல்லக்கா, நான் உங்களுக்குப் பாரமா இருக்க..."

"வாயை மூடு!" என்றாள். ஊரே வாயை மூடிக்கொண்டது. "ஆமாடா, பாரம்தான்! நீ எனக்குப் பாரம்தான்! கட்டில் போச்சு, தரை போச்சு, ராத்திரித் தூக்கம் போச்சு. எனக்கென்ன பாரம், எனக்கென்ன பாரம்னு சொல்லிச் சொல்லி என் வாயே தேஞ்சு போச்சு. எனக்குக் கனக்காம வேற யாருக்குடா கனக்கும்? ஒரு நாளாவது உன்னை இறக்கி வைக்கணும்னு நெனச்சிருக்கேனா? சொல்லு!"

சொல்லிக்கொண்டே படகில் கால் வைத்தாள். படகு இறங்கியது.

மச்சான் ஏறியபோது இறங்கியதைப் போல இல்லை, மெதுவாக, நின்று நிதானமாக, கேட்டுக்கொண்டே இறங்குவது போல இறங்கியது. எடைமேடைக்காரர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் போகிற வருகிற லாரியையெல்லாம் நிறுத்தவருக்குத் தன் மனைவியை ஒருநாளும் நிறுக்கத் தோன்றவில்லை. சமையலறை விரிசல் அவருக்கு இப்போது நினைவுக்கு வந்தது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அக்கா தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்குப் பாத்திரத்தைத் திறந்தாள். "சாப்பிடு. முழுசா சாப்பிடு" என்றாள். படகு நகர்ந்தது. வெள்ளைச் சுக்கான் அறை பாலத்துக்கு அடியில் நுழைந்தது. இடையில் ஒரு உள்ளங்கை நுழையும் இடம் இருந்தது, அந்த இடுக்கின் வழியே வெயில் வந்தது. பாலத்தின் மேல் நின்றவர்கள் தங்கள் பாதத்துக்குக் கீழே அவ்வளவு பெரிய இரும்பு பூப்போல வழுக்கிப் போவதை உணர்ந்தார்கள். யாரும் கை தட்டவில்லை. ஒரு லாரிக்காரர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பின்னால் காத்திருந்த படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊதின, அந்தச் சத்தம் அடிவயிற்றில் போய் இறங்கியது.

அக்கா அடுத்த மதகில் இறங்கிப் பேருந்தில் வீடு திரும்பினாள். சக்கரம் ஒன்றும் வெடிக்கவில்லை. மச்சான் சில வருடங்கள் படகோடு போய்வந்தார். வரும்போது அவருக்கென்று இடம் விட்டுச் சரக்கு ஏற்றினார்கள், போகும்போது குறைகிற நாலு விரற்கடைக்கு லாரிக்காரர்களே மணல் கொண்டுவந்து கொட்டினார்கள், அவர் நடுவில் உட்கார்ந்து கரையில் தெரிந்த முகங்களுக்குக் கையாட்டினார். ஊருக்குள் வந்தால் அக்கா வீட்டில்தான் தங்கினார். பிறகு வியாபாரிகளுக்கும் துணிச்சல் வந்துவிட்டது. திரும்பு சரக்கு மலையாகக் குவிந்தது, காலிப் படகு என்பதே இல்லாமல் போனது, மச்சானுக்கும் வேலை இல்லாமல் போனது. தகரப் பெட்டியோடு மறுபடி அக்கா வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். "அக்கா, பாரமா இருக்கத்தான் வந்தேன்" என்றார். "வா" என்றாள் அவள்.

இப்போது அந்த ஊரில் யார் வீட்டுக்கு யார் தங்க வந்தாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டுவிட்டு முழிப்பார்கள். மச்சானின் எடை குறையவேயில்லை; எடைமேடைக்காரர் வருடத்துக்கு ஒருமுறை ஏற்றிப் பார்க்கிறார், முள் ஐம்பதுக்குப் போய் நிற்கிறது. வீட்டுத் தரையில் புதிதாக ஒரு விரிசலும் இல்லை. கூடத்துக் குழி மட்டும் அப்படியே இருக்கிறது. மத்தியானம் மச்சான் அதில்தான் வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடுக்கா" என்கிறார்.