எண் போடாத புளியமரம்

கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் தஸ்தகீர் பாய் கண் சிமிட்ட ஆரம்பித்துவிடுவார். வியாதி என்று நினைக்க வேண்டாம். முப்பது வருஷமாக அவர் போய்வந்த அந்த ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் நின்றன. பஸ் ஓட ஓட முகத்தில் நிழலும் வெயிலும் மாறி மாறி அடிக்கும். கண் அதற்குப் பழகிவிட்டது. இப்போது மரங்கள் இல்லை, கொளுத்துகிற வெட்டவெளிதான். ஆனாலும் மரம் இருந்த இடம் வந்தால் கண் தானாக மூடித் திறந்தது. மனுஷனை ஏமாற்றலாம், கண்ணை ஏமாற்ற முடியுமா?

மரங்களை வெட்டியது அவரேதான். ஓசூர்ப் பக்கம் ஃபேக்டரிகள் பெருக, லாரிகள் பெருக, ரோடு போதாமல் போனது. அகலப்படுத்த வேண்டும் என்று எண்பத்து நான்கில் மரங்களை ஏலம் விட்டார்கள். பட்டையைச் செதுக்கி, சிவப்புப் பெயிண்டில் ஒன்று முதல் எண்பத்தாறு வரை எண் போட்டிருந்தது. பழையபேட்டையில் விறகு மண்டி வைத்திருந்த தஸ்தகீர் பாய் ஏலம் எடுத்தார். சட்டப்படி எடுத்தார், வெட்டினார், விற்றார். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, ஒரே ஒரு மரத்தைத் தவிர.

அடுத்த இரண்டு வருஷமும் மழை இல்லை. ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். டீக்கடைக்கு டீக்கடை ஒரு காரணம் சொன்னார்கள். ராக்கெட் விட்டு விட்டு வானத்தில் ஓட்டை விழுந்துவிட்டது என்றான் ஒருவன். ஓசூர் ஃபேக்டரிப் புகை மேகத்தைக் கலைக்கிறது என்றான் இன்னொருவன். ஆளாளுக்குப் போர் போட்டு பூமியின் ரத்தத்தை உறிஞ்சிவிட்டார்கள் என்றார் ஒரு வாத்தியார். அவர் வீட்டிலேயே போன மாதம்தான் போர் போட்டிருந்தது. எல்லோரும் பேசிய கடைசி வார்த்தை ஒன்றுதான்: "நாம ஒருத்தர் என்னா பண்ண முடியும்?" சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தொழவைத்த ஹஜரத் எழுந்தார். வரும் வியாழக்கிழமை காலை ஊருக்கு வெளியே மைதானத்தில் மழைத்தொழுகை. அதற்கு முன் மூன்று நாள் நோன்பு.

"யாருக்கு அநியாயம் பண்ணியிருந்தாலும் அவங்ககிட்ட நேர்ல போயி, பொறுத்துக்கன்னு கேட்டு, அவங்க வாயால பொறுத்துக்கிட்டேன்னு வாங்கிட்டு வாங்க" என்றார். "வாங்காம வந்து கை ஏந்தினா, அந்த ஒரு கை போதும், மொத்த ஊரு துஆவையும் தடுத்துடும்."

வழக்கமாகச் சொல்வதுதான். தலையாட்டிவிட்டுக் கலைந்து போனார்கள். தஸ்தகீர் பாய் மட்டும் செருப்பு மாட்டாமல் வெந்த தரையில் நின்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு அது ஒரு வருஷமாகவே குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

அந்த ஒரு மரத்தின் கதை இதுதான். நாற்பத்தொன்றாம் நம்பர் மரத்தைச் சாய்த்தபோது உள்ளே வெறும் பொந்து. விறகுக்கு ஓடுதான் மிஞ்சியது. பாய்க்கு வயிறு எரிந்தது. கொஞ்ச தூரத்தில், குருபரப்பள்ளிக்கு இந்தப் பக்கம், பஸ் நிறுத்தத்தில் இன்னொரு மரம் நின்றது. நான்கு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். ரோட்டுப் பள்ளத்துக்கு அந்தண்டை இருந்ததால் அளந்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள். எண் போடவில்லை. வெட்டும் ஆட்களுக்குப் படிப்பு கிடையாது. பெயிண்ட் இருந்தால் வெட்டுவார்கள், இல்லாவிட்டால் தொடமாட்டார்கள். மத்தியானம் அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் பாய் தன் கையால் பட்டையைச் செதுக்கி, தன் கையால் 41 என்று எழுதினார். சாயங்காலம் மரம் தரையில் கிடந்தது. அடிக்கட்டையை எவன் எண்ணப்போகிறான்?

எவனும் எண்ணவில்லை. ஆனால் அடுத்த சித்திரையில் அந்த நிறுத்தத்தில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு பெண்கள் நின்றார்கள். பத்து மணிக்கு வர வேண்டிய லாரி இரண்டு மணிக்கு வந்தது. ஒதுங்க ஒரு சாண் நிழல் இல்லை. பக்கத்தில் கொல்லை வைத்துப் பயிர் செய்த எல்லப்பனின் பெண்டாட்டி ரங்கம்மா அடிக்கட்டைமேல் உட்கார்ந்தவள் அப்படியே சரிந்தாள். அன்றைக்கு அந்த வழியாகப் போன பஸ்ஸில் தஸ்தகீர் பாயும் இருந்தார். முந்தானையைத் தலையில் போட்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள்தான் சாவுச் செய்தி வந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள், அதே நிறுத்தத்தை பஸ் நிற்காமல் தாண்டியபோது அவர் கத்தினார்: "ஹோல்டான், ஹோல்டான்! பொம்பள ஒண்ணு கொடத்தோட நிக்குது பாரு!"

கண்டக்டர் குனிந்து வெளியே பார்த்தான். "யாரு பாய்? ஒருத்தருமில்லியே!"

பாய் மறுபடி பார்த்தார். ரங்கம்மாவின் பச்சைப் பிளாஸ்டிக் குடம்கூடத் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் டிரைவர் பக்கத்து ஜன்னலில்தான் உட்கார்வார். அந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நிறுத்தம் வரும்போது பிடரியில் யாரோ பார்ப்பதுபோல இருக்கும். பயம்தான். ஐம்பத்தாறு வயசில் பட்டப்பகலில் பயந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனதும் மனைவி காத்தூனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"எண்பத்தாறு மரத்தோட எண்பத்தேழு. நீங்க எடுக்கலேன்னா எதுத்த மண்டி கௌஸ் பாஷா எடுத்திருப்பாரு. ஒரு மரத்தாலயா மழை நின்னுபோச்சு? பைத்தியமாட்டம் பேசாதீங்க."

"எண்பத்தாறுக்கு நீ சொல்றது சரி, காத்தூன். அத நான் எடுக்காட்டி இன்னொருத்தன். இந்த ஒண்ணுக்கு இன்னொருத்தன் கெடையாதே. இது நான் வெட்டலேன்னா நின்னுருக்கும்."

 காத்தூன் மறுபடி முறத்தைக் கையில் எடுத்தாள். ஆனால் புடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நோன்போடு வெள்ளையம்மாவைப் பார்க்கப் போனார். அந்த ரோட்டு மரங்களின் புளியை உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்துப் பிழைத்தவள் அவள். மரம் போனதும் பிழைப்பும் போயிருந்தது. முதலில் அவளிடம் கேட்டுப் பழகிக்கொண்டால் எல்லப்பனிடம் நாக்கு எழும் என்று ஒரு கணக்கு.

"என்கிட்ட என்னாத்துக்குங்க பாய் மன்னிப்பு?" என்று வெள்ளையம்மா சிரித்தாள். "நீங்க வெட்டுன அன்னிக்கு கெளை பொறுக்க மொத ஆளா வந்தவளே நாந்தான். ஒரு வருசம் அடுப்பு எரிச்சேன். பொறுத்துக்கிட்டேன், போங்க. நீங்களும் என்னைப் பொறுத்துக்கங்க."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் பாரம் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. குறையாது என்று போகும்போதே அவருக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை பஸ்ஸை விட்டு அந்த நிறுத்தத்திலேயே இறங்கினார். அடிக்கட்டை இருந்த பக்கம் திரும்பாமல் வரப்பில் நடந்து எல்லப்பன் கொல்லைக்குப் போனார். எல்லப்பன் வறண்ட கிணற்று மேட்டில் உட்கார்ந்து, எலும்பு தெரிந்த ஒரு மாட்டுக்குக் காய்ந்த சோளத்தட்டை நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க பாய். உக்காருங்க. தண்ணி குடுக்கலாம்னா நோம்புன்னு சொன்னாங்க."

பாய் உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை. நேராகச் சொன்னார்.

"எல்லப்பா, பஸ் ஸ்டாப்பு மரம் ஏலத்துல இல்ல. அதுக்கு நம்பர் போடல. நாந்தான் நம்பர் எழுதி வெட்டுனேன். அது இருந்திருந்தா உம் பொண்டாட்டி வெய்யில்ல உக்காந்திருக்க மாட்டா."

எல்லப்பன் கையில் இருந்த அரிவாள் தட்டைமேல் நின்றது.  மாடு முகத்தை நீட்டி அவர் கையை நக்கியது.

"அன்னிக்கு எனக்கு முட்டி வலி" என்றார் கடைசியில். "நான் போவ வேண்டியது. நீ போடின்னு நாந்தான் அனுப்புனேன். அவ, 'வெய்யிலு சாஸ்தியா இருக்குதே'ன்னா. 'ஏன், நீ என்னா மெழுகா உருகிப்போவ?'ன்னு கேட்டேன். ஒரு வருசமா நாந்தான் கொன்னேன்னு சோறு எறங்காம கெடக்கறேன் பாய்."

 தஸ்தகீர் பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னைப் பொறுத்துக்க எல்லப்பா. ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்குத் தொழுகை. நான் வாங்காம போனா ஊருக்கே மழை வராது."

எல்லப்பன் அரிவாளைக் கீழே வைத்தார். அத்தனை வருஷப் பழக்கத்தில் முதன்முறையாக 'நீ' என்று பேசினார்.

"டாக்டரு இதயம் நின்னு போச்சுன்னு எழுதிட்டாரு. லாரிக்காரன் டயரு வெடிச்சுதுன்னான். ஆபீசுல போயி அழுதா, மழை இல்லாததுக்கு நாங்க என்னா பண்றதுன்னாங்க. சொந்தக்காரனெல்லாம் விதின்னுட்டுப் போயிட்டான். யாருமே பண்ணலியாம், அவ மட்டும் செத்துட்டாளாம்! நீ ஒருத்தன்தான் 'நாந்தான்'னு வந்து நிக்கற. உன்னையும் உட்டுட்டா நான் யாரப் புடிச்சுக்கறது?"

"அப்போ..."

"பொறுக்கமாட்டேன். மழை வந்தாலும் பொறுக்கமாட்டேன்." எல்லப்பன் எழுந்து மாட்டின் கயிற்றை அவிழ்த்தார். "நாளைக்குத் தொழுதுட்டு இங்க வா. மழை வந்தாலும் வா, வராட்டியும் வா."

வியாழக்கிழமை காலை மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. பழைய துணி உடுத்தி, நடந்தே வந்திருந்தார்கள். தொழுகை முடிந்து ஹஜரத் தன் சால்வையை உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொண்டார், நிலைமையை இப்படித் திருப்பிக் கொடு என்று. எல்லோரும் துண்டுகளைத் திருப்பினார்கள். புறங்கை வானத்தைப் பார்க்கக் கைகளைத் தூக்கினார்கள். தஸ்தகீர் பாய் கடைசி வரிசையையும் தாண்டி, நடைபாதையில் தனியாக நின்றார். கையைத் தூக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. தூக்கினால் ஊர் மழையைத் தடுத்தவர் ஆவார். தூக்காமல் நின்று மழை கொட்டினால், இத்தனை நாள் அதைத் தடுத்துவைத்தது அவர்தான் என்று ஆகிவிடும். பாதி தூரம் தூக்கிய கை அங்கேயே நின்றது. பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டார்: நான்தான் என்று ஆனாலும் பரவாயில்லை, பெய்யட்டும். கைகளைக் கீழே போட்டார்.

அன்று மழை வரவில்லை. சாயங்காலம் பாய் எல்லப்பன் கொல்லைக்குப் போய் கிணற்று மேட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்.  அடுத்த வியாழனும் போனார். அப்போதும் மழை இல்லை. ஊரில் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். எவனோ ஒருத்தன் கேட்க வேண்டியவனிடம் கேட்டு வாங்கவில்லை என்றார்கள். அந்த எவனோ பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை பிடித்த மழை நான்கு நாள் விடவில்லை. மசூதியில் தொழுகையால் வந்தது என்றார்கள். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றியதால் வந்தது என்றார்கள். ரேடியோவில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்றார்கள். இரண்டே நாளில் ராக்கெட்டையும் புகையையும் எல்லோரும் மறந்துபோனார்கள். அந்த வாரமே ராயக்கோட்டை ரோட்டு மரங்களை ஏலம் விட்டார்கள். தஸ்தகீர் பாய் போகவில்லை. கௌஸ் பாஷா எடுத்தார். தான் போகாததால் ஒரு மரமும் மிஞ்சாது என்று பாய்க்குத் தெரியும். தெரிந்தும் போகவில்லை.

வியாழக்கிழமை குடையோடு கிளம்பியவரைக் காத்தூன் வாசலில் மறித்தாள். "மழைதான் வந்துடுச்சே, இன்னும் என்னாத்துக்குப் போறீங்க?" பாய் செருப்பை மாட்டினார்.

வரப்பெல்லாம் சேறு. முழங்கால் வரை நனைந்து போய் நின்றார். எல்லப்பன் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் எழுந்தார்.

"வந்துட்டியா? மழை புடிச்சுக்கிச்சு, இனி இவன் எங்க வரப்போறான்னு நெனச்சுட்டே உக்காந்திருந்தேன்."

"வந்துட்டேன்."

"நான் இன்னும் பொறுக்கல."

"தெரியும் எல்லப்பா."

எல்லப்பன் கொட்டகைக்குள் நகர்ந்து, கவிழ்த்திருந்த கூடைமேல் அவருக்கு இடம் விட்டார். மழை இன்னும் வலுத்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து எல்லப்பன் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அடுத்த வாரமும் வருவே இல்ல?"