மேட்டு ஊற்று

பன்னிரண்டு குடும்பங்கள் வந்து இறங்கியபோது அங்கே முள்ளும் கல்லும்தான் கிடந்தன. மேட்டில் மட்டும் ஓர் ஊற்று கசிந்துகொண்டிருந்தது. இரண்டு கோடை முழுக்கக் கல் சுமந்து, அங்கிருந்து கீழே வயல்வரை வாய்க்கால் வெட்டினார்கள். பொதுவான அந்த மேட்டை யார் பெயரில் பதிவது என்ற பேச்சு வந்தது.

"என் தம்பி பேர்ல எழுதுங்க. அவன்கிட்ட இருந்தா ஊர்கிட்ட இருந்த மாதிரி" என்றாள் அக்கா. தம்பி நாலெழுத்துப் படித்தவன். யாரும் மறுக்கவில்லை.

பத்து வருடத்தில் வீடுகள் நாற்பதாயின. பள்ளிக்கூடம் வந்தது. காய்கறி ஏற்ற லாரி வயலுக்கே வந்து நின்றது. கல்குவாரிக்காரர்கள் நிலம் கேட்டு நடையாய் நடந்தபோது, "ஒரு பிடி மண்கூடக் கிடையாது" என்று கூட்டத்தில் முதலில் எழுந்தவனும் தம்பிதான். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த மாதம் களையெடுக்கப் போனவள் மேட்டில் சர்வேக்காரர்கள் கல் நடுவதைப் பார்த்தாள். போட்டது போட்டபடி தம்பி வீட்டுக்கு ஓடினாள். அவன் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"மேட்டை வித்துட்டியாடா?"

அவன் நிமிரவில்லை. "நான் விக்கலைன்னா வேற எவனாவது வித்திருப்பான் அக்கா."

"அந்த எவனாவது நீயா இருக்கணுமா? பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தேனேடா!"

"உனக்கும் டவுன்ல ஒரு அறை ஒதுக்கியிருக்கேன். கிளம்பு."

அவள் திரும்பி வாசலைத் தாண்டி நடந்தாள்.

குவாரிக்காரர்கள் முதல் வெடி வைத்த வாரமே ஊற்று மண்ணோடு மண்ணாகப் போனது. ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. லாரி வருவதும் நின்றது. அதையெல்லாம்கூட அக்கா தாங்கிக்கொண்டாள். தன்னோடு கல் சுமந்த பக்கத்து வீட்டுக்காரி, கிளம்பும் நாளில் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"உனக்குத் தெரியாமலா வித்தான்? நீதானே அவன் பேர்ல எழுதச் சொன்னே?"

"சத்தியமா தெரியாதுடி."

பக்கத்து வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

தம்பி இரண்டு முறை கார் அனுப்பினான். இரண்டு முறையும் அது காலியாகவே திரும்பியது. கடைசியாக மிஞ்சிய மூன்று வீடுகளுக்கு, அரைமணி நடைத் தொலைவிலிருந்து அக்கா தண்ணீர் சுமந்து வந்து கொடுத்தாள். அவர்கள் குடத்தை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே வா என்று மட்டும் யாரும் கூப்பிடவில்லை.