கிடத்த ஓர் இடம்

மார்ச்சு மாதம் ஒன்பதாம் நாள், ஒரு மனிதரைக் கிடத்துவதற்கு அவருடைய சொந்த வீட்டிலேயே இடம் இல்லாமற்போயிற்று. குறை இதுதான்.

மருத்துவமனை வண்டி வருவதற்குள் முன்னறையைக் காலி செய்துவிட வேண்டுமென்று, இறந்தவரின் மைத்துனன் அங்கே அடைந்திருந்த விறகைக் கைநிறைய அள்ளி முற்றத்தில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் தையற்காரன், ஊசியைவிடக் கனமானதைத் தூக்கிப் பழகாதவன். உள்ளங்கையில் சிலாம்பு ஏறியிருந்தது.

"அந்த வரிசையைத் தொடாதடா. பேக்கரிக்காரருக்குன்னு உங்க அத்தான் ஒதுக்கினது," என்றாள் அக்காள்.

"அத்தானுக்கு ஆறடி வேணும்க்கா. பேக்கரிக்காரரு பொறுத்துக்குவாரு."

அக்காள் முறைத்தாள். பிறகு அந்த வரிசையை அவளே எடுக்கத் தொடங்கினாள்.

அத்தான் தம் வீட்டின் தெருப்பக்க முற்றத்தில் விறகு பிளந்து விற்றவர். பிளந்ததைச் சுவரில் ஒட்டவிடாமல், ஒரு சாண் இடைவெளி விட்டுக் காற்றோட்டமாக அடுக்குவார். விறகு வெயிலைப் பார்க்காவிட்டால் அடுப்பு அழும் என்பது அவர் வாக்கு. சென்ற மாதம் நகராட்சி ஆணை ஒன்று வந்தது. குடியிருப்புப் பகுதியில் வீட்டுத் தொழில் செய்யலாமாம். ஆனால் சரக்கு தெருவின் கண்ணில் படலாகாதாம். வீட்டுக் கூரைக்குக் கீழேதான் இருக்க வேண்டுமாம். தையலுக்கு அது சரி. துணி அலமாரிக்குள் அடங்கும். ஆணையை எழுதியவர் ஈர விறகைத் தொட்டறியாதவர்.

அன்று அத்தான் சிரித்தார். "விருந்தாளி மாதிரி உள்ள வந்து உக்காரட்டும், மச்சான்."

"நான் வந்தா உக்கார நாற்காலி இல்ல. கட்டைக்கு மட்டும் ராஜ உபசாரம்!"

"நீயும் ஒரு வேளை அடுப்பெரிச்சுக் குடு, உனக்கும் இடம் தர்றேன்."

ஒரு வாரமாக அவர் தனியே சுமந்து முன்னறையை நிரப்பினார், படுக்கையறையையும் நிரப்பினார். கட்டில் சுவரில் சாய்ந்து நின்றது. கணவனும் மனைவியும் அடுக்களைத் தரையில் படுத்தார்கள். கடைசிக் கட்டையை உள்ளே வைத்த அன்று, மார்பைப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். சாவின் காரணத்தை மருத்துவர் ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்தார். அக்காள் அதை மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை.

முன்னறை பாதி காலியானபோது நகராட்சி ஆய்வாளர் வந்து நின்றார். மறு ஆய்வுக்கு அவர் குறித்திருந்த நாள் அது.

"என்னங்க இது? எல்லாம் வெளிய கிடக்குது? ஒரு கட்டை வெளிய தெரிஞ்சாலும் உரிமம் ரத்துன்னு அன்னைக்கே சொன்னேனே! அவரைக் கூப்பிடுங்க."

அக்காள் கையிலிருந்த விறகைக் கீழே போடவில்லை. இனி அவளுக்குச் சோறு போட வேண்டியது அந்த உரிமம்தான்.

"வந்துக்கிட்டு இருக்காருங்க," என்றான் தையற்காரன்.

"எப்ப வருவாரு?"

வண்டி தெருமுனையில் திரும்பியது.

ஆய்வாளர் வழிவிட்டு ஒதுங்கினார். அத்தானை நான்கு பேர் உள்ளே சுமந்து சென்றபோது, சரிந்து கிடந்த கட்டையொன்றைத் தம் காலால் மெல்ல ஓரம் தள்ளினார். பிறகு தையற்காரனிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"சாயங்காலம் வரைக்கும் நான் இங்க வரவே இல்ல. இருட்டுறதுக்குள்ள உள்ள வச்சிடுங்க தம்பி. நான் பாக்கலன்னாலும் மேலதிகாரி பாப்பாரு."

"வச்சிடுறோம் சார்," என்றாள் அக்காள், உள்ளேயிருந்து.

அடக்கம் முடிந்து திரும்பியதும், இருவரும் மாற்றுடைகூட உடுத்தாமல் சுமக்கத் தொடங்கினார்கள். படுக்கையறையில் விரல் நுழைய இடமில்லை. முன்னறையில் சுவர்தோறும் விறகு உயர்ந்தது. பேக்கரிக்காரரின் வரிசையை அக்காள் முன்பிருந்தபடியே அடுக்கினாள். நடுவில் மட்டும் ஓர் ஆள் நீளத்திற்குத் தரையை விட்டுவிட்டாள். சுற்றிவந்தாள், அதை மிதிக்கவில்லை.

முற்றத்தில் கடைசியாக ஒரு சுமை எஞ்சியது. தையற்காரன் அதை அள்ளிக்கொண்டு வாசற்படியில் நின்றான்.

"எங்கக்கா வைக்க?"

அக்காள் நடுவிலிருந்த வெறுந்தரையைப் பார்த்தாள். தெருவிளக்கு எரிந்தது.

இத்தகைய விதிகளுக்குத் தலையசைத்துவிட்டு வீட்டுக்குள் வசதியாக அமர்ந்திருக்கும் வாசகரே, எழுந்து வாருங்கள். சுமை இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது. அதை எங்கே இறக்க வேண்டுமென்று நீங்கள் கைகாட்டுங்கள்.